பின்னறைக்குப் போன இணைப்பு

அப்பா பாரிசவாதத்தில் விழுந்த பிறகு, குளியலறை கிட்ட என்பதால் அவருடைய கட்டிலைப் பின்னறைக்கு மாற்றினேன். இணையப் பெட்டி முன் விறாந்தைச் சுவரில் இருந்தது. கோப்பாயில் எங்கள் வீடு பழைய கல்வீடு. தடித்த சுவர்களைத் தாண்டி சிக்னல் பின்னுக்குப் போகாது. கனடாவிலிருந்து அண்ணை பின்னேரங்களில் வீடியோவில் அழைப்பார்; போனை அப்பாவின் கட்டிலடிக்குக் கொண்டுபோனதும் படம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும்.

"நல்ல ரவுட்டர் ஒண்டு வாங்கிப் பின்னறையிலை வையன்," என்று அண்ணை சொல்லிக்கொண்டே இருந்தார்.

வாங்கினேன். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்து, அப்பாவுக்குச் சோறு தீத்தி, உடம்பு துடைத்துவிட்டு, கதிரையில் ஏறி நின்று விறாந்தையிலிருந்து பின்னறை வரை வயர் இழுத்து அடித்தேன். அதற்கே இரண்டு நாள் போனது.

பிறகு இணைப்புத் தந்த நிறுவனத்துக்கு அழைத்தேன். அவர்கள் தங்கள் பெட்டி செய்த வேலையை என் ரவுட்டருக்கு மாற்றி, அதில் போட ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தந்தார்கள். எத்தனை தரம் அடித்தும் ஏற்கவில்லை. இப்போது வீட்டில் இருந்த இணைப்பும் இல்லை. மூன்று நாள் அண்ணையால் அப்பாவைப் பார்க்க முடியவில்லை. திரும்பத் திரும்ப அழைத்தேன். ஒவ்வொரு தரமும் வேறு ஆள், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருந்தது.

நாலாம் நாள் ஒரு பெண் தமிழில் கதைத்தார்.

"நீங்கள் எழுதி வைச்சிருக்கிறதை ஒருக்கா வாசியுங்கோ, அக்கா."

வாசித்தேன்.

"மூண்டாவதாய் இருக்கிறது பூச்சியம் இல்லை. அது இங்கிலிஷ் ஓ எழுத்து."

மாற்றி அடித்தேன். ரவுட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. கட்டில் விளிம்பில் அப்படியே இருந்துவிட்டேன்.

அன்று பின்னேரம் அண்ணை அழைத்தார். படம் உடையவில்லை. போனை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"அப்பா இவ்வளவு மெலிஞ்சு போனாரோ?"

"சொன்னனான்தானே, அண்ணை."

"ஓம், சொன்னனீ. உனக்கும் தலை நரைச்சுப்போச்சு."

அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போனைத் தலகணியிலை சாத்தி வைச்சிட்டு நீ போய்ப் படு. எனக்கு இண்டைக்கு வேலையில்லை. அப்பாவை நான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

"அவ்வளவு தூரத்திலை இருந்து என்னத்தைப் பாக்கப் போறியள்?"

"ஏதும் எண்டால் கூப்பிடுறன். போ."

நடு அறையில் பாயை விரித்துப் படுத்தேன். பின்னறையில் அண்ணை எதையோ மெல்லச் சொல்வதும், அப்பா குழறிய நாக்கால் "ம்" கொட்டுவதும் கேட்டது. அதற்குமேல் தெரியாது. விழித்தபோது பொழுதுபட்டிருந்தது. அண்ணை என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எழும்பு. அப்பா தண்ணி கேக்கிறார்."