வாப்பாவின் கள்ளத் தொடுப்பு

என் வாப்பாவுக்குக் கள்ளத் தொடுப்பு இருக்கிறது என்ற செய்தி, என் பதினோராவது வயதில், கொழும்பில் ஓர் ஆசுபத்திரி விறாந்தையில் வைத்து எனக்குக் கிடைத்தது. அதைக் கேட்ட உம்மா செய்த முதல் காரியம், "அல்ஹம்துலில்லாஹ்!" என்று கையேந்தியதுதான்.

அதற்கு முந்திய எட்டு மாதமும் வாப்பாவின் கால்களைப் பற்றிய கதை. மாவடிப்பள்ளி வயலுக்குப் போனால் பாதி வரம்பில் கால் மரத்துவிடும், குந்தினால் தெளியும். பிறகு குந்தியும் தெளியவில்லை. இடுப்பு வருத்தம் என்றார்கள், வாதம் என்றார்கள். எண்ணெய் பூசினார்கள், ஊசி போட்டார்கள். கால்கள் இன்னும் மோசமாகின. கடைசியில் மூத்திரமும் அடைத்துக்கொண்டது.

உம்மாவின் காக்காவான என் மாமா ஒரு சில்லு நாற்காலியைக் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கினார்.

"இனி இதுதான் மச்சானுக்கு நஸீபு."

"நஸீப அல்லாஹ் சொல்லட்டும் காக்கா. நீங்க தேத்தண்ணியக் குடிங்க" என்றார் உம்மா. மறுநாள் அந்த நாற்காலியில் செத்தல் மிளகாய்க்காகக் கொச்சிக்காய் காய்ந்தது.

வாப்பாவும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு ஊன்றுகோல் நான்தான். கக்கூசுக்குப் போக என் இடது தோளைப் பிடித்து எழும்புவார். அந்தப் பாரத்தில் என் காறை எலும்பு இரவெல்லாம் நோகும். அதனால்தான் கொழும்புக்கும் என்னைக் கொண்டுபோனார்கள்.

அங்கே குகை போன்ற மெஷினுக்குள் படுக்கவைத்துப் படம் பிடித்தார்கள். பிறகு தொடையடியால் மெல்லிய குழாயொன்றை விட்டு, சாயம் ஏற்றி, இன்னொரு படம். அது முடிந்ததும் யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர் வெளியே வந்து உம்மாவிடம் கதைத்தார். ஒரு தள்ளுவண்டி கடகடவென்று போய், அவர் சொன்னதில் முதல் பாதியை விழுங்கியது. மிச்சம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"...கள்ளத் தொடுப்பு மாதிரி ஒண்டு, அம்மா. கன நாளாய் இருந்திருக்கு. ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லை. இனிப் பயமில்லை, அடைச்சுப்போடலாம்."

யார் அவள்? பெரியநீலாவணையிலிருந்து வரும் மீன்காரியேதான். வாப்பாவுக்கு மட்டும் கூறில் இரண்டு கீரிமீன் கூடப் போடுவாளே! அவளை எந்த மறியற்சாலையில் அடைப்பார்கள்? அவளுடைய பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்களா? என் சைக்கிளை அவர்களுக்கும் கொடுக்க வேண்டுமா? குடும்பமே கவிழ்கிற நேரத்தில் நான் கவலைப்பட்டது சைக்கிளுக்கு.

இரண்டு நாளில் அடைத்தும் விட்டார்கள். அதிலிருந்து நான்காம் நாள் வார்டில் வாப்பா எழும்புவதற்குக் கையை நீட்டினார். நான் தோளைக் கொடுக்கவில்லை.

"என்ன மனே?"

"அந்தப் பொம்பிள யாரு? மீன்காரிதானே?"

பக்கத்துக் கட்டில்காரர் புரையேறி இருமினார். விசயம் விளங்கியதும் வாப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"தொடுப்பு எனக்கில்லடா, முதுகுக்குள்ள ரெண்டு ரத்தக் குழாய்க்கி! வாய்க்கால் உடைஞ்சி, தண்ணி நேரா, வயல்ல மிஞ்சினது வெளிய போற வடிச்சலுக்குள்ள பாஞ்சா என்னாகும்?"

"வடிச்சல் நிரம்பும்."

"நிரம்பினா?"

"வயல் தண்ணி வடியாது. பயிர் அழுகும்."

"அந்த வயல்தான் என்ட முள்ளந்தண்டு. உடைப்பப் பசை போட்டு அடைச்சிட்டாங்க."

"அழுகின கால் திரும்ப வருமா?"

"எவ்வளவு வருமெண்டு டொக்டருக்கே தெரியாதாம். நான் ஏன் இப்பவே குறைச்சுச் சொல்லணும்? தோளத் தா."

வயல் கதை சொல்லி என்னைப் பேய்க்காட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு தோளைக் கொடுத்தேன். அவர் எழும்பினார். ஜன்னல் வரைக்கும் ஏழு காலடி. என் தோளில் கை இருந்தது, பாரம் இல்லை. சும்மா வைத்தது போல இருந்தது. குற்றம் செய்த கை அழுத்தப் பயப்படுகிறது என்று முடிவு கட்டினேன்.

உம்மா மட்டும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு, முக்காட்டால் வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தார். மீன்காரியை நினைத்துத்தான் அழுகிறார் என்று எண்ணி, "விடுங்க உம்மா, நானிருக்கன்" என்றேன்.