வரி யாரு எழுதுனது?

சுனாமிக்கு மறு வருடம் என் சித்தி ஒரு கவிதைப் புத்தகம் போட்டார். அதே கோடையில் மாமா தன் நண்பர்களோடு சேர்ந்து ஒரு பாட்டு சிடி போட்டார். அக்காவும் தம்பியுமான அவர்கள் இருவரும் சொந்தக் காசில்தான் போட்டார்கள். ஆனால் கடலூரில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் சிடியைப் பார்த்து, "இந்த வயசுல என்னா துணிச்சல்" என்றார்கள். புத்தகத்தைப் பார்த்து, "ஏன், யாரும் போட மாட்டேன்னுட்டாங்களா?" என்றார்கள்.

பள்ளி விடுமுறையில், இரண்டையும் கடையில் வைக்கக் கேட்டுப் பார்க்கலாம் என்று இருவரும் சிதம்பரம் கிளம்பினார்கள். என்னையும் கூட்டிப் போனார்கள். பஸ்ஸில் சித்தி புத்தகக் கட்டை மடியிலேயே வைத்திருந்தார்.

கீழ வீதியில் புத்தகமும் சிடியும் சேர்த்து விற்கிற கடை. கடைக்காரர் புத்தகத்தைத் திருப்பிப் பின்னட்டையின் அடியை மட்டும் பார்த்தார்.

"பதிப்பகம் பேரே இல்லியேம்மா?"

"நானே போட்டதுங்க."

"அப்ப யாரு வாங்குவாங்க?" என்று பிரிக்காமலே நீட்டினார்.

சித்தியின் காது மடல் சிவந்துவிட்டது. மாமா சிடிப் பையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். சித்திதான் அதைப் பிடுங்கி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது என் தம்பி போட்டது."

"சொந்தமாவா? பெரிய விஷயமாச்சே" என்று கடைக்காரர் அதை ஓடவிட்டார்.

'கட்டிவச்ச படகெல்லாம் வூடு தேடி வந்துச்சே' என்று மாமாவின் குரல் எழுந்தது. தேவனாம்பட்டினத்தில் புகுந்த சுனாமி அலையைப் பற்றிய பாட்டு. எழுதியது சித்தி. அவர் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் அதுதான் இருந்தது. கடைக்காரர் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாட்டை முழுசாகக் கேட்டார்.

"பத்து குடுத்துட்டுப் போ தம்பி. வரி யாரு எழுதுனது? ஒடம்பு சிலிர்க்குது."

மாமா வாயைத் திறந்தார். நானும் திறந்தேன். சித்தி என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தார்.

"எங்க ஊர்ல பாடுறதுதாங்க" என்றார்.

வெளியே வந்ததும் மாமா சித்தியை வழிமறித்தார். "ஏன்க்கா சொல்ல வுடல? சொல்லியிருந்தா புக்கையும் வாங்கிருப்பாரு."

"வாங்கிருப்பாரு" என்றார் சித்தி. "பிரிச்சே பாக்காம."

கடலூர் பஸ்ஸில் ஏறினோம். எனக்குச் சித்தியின் மேல்தான் கோபம். உள்ளதைச் சொல்லியிருந்தால் அவ்வளவு கனமான புத்தகக் கட்டைத் திரும்பச் சுமந்து வந்திருக்க வேண்டாம். அதை மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ ஜெயித்துவிட்டு வருகிறவர் மாதிரி அவர் ஏன் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.