காதைப் பொத்திக்கொண்டு பார்த்த நட்சத்திரம்

அது 2004 ஜூன். ஆனைக்குட்டம் அணைக்கரையில் டெலஸ்கோப்பை நிறுத்தி, தெற்கே தாழ்வாகத் தெரிந்த ஆல்ஃபா சென்டாரியை மதினிக்குக் காட்டினேன். வெறுங்கண்ணுக்கு ஒற்றை நட்சத்திரம்; டெலஸ்கோப்பில் இரண்டு.

பட்டாசு கம்பெனியில் வேலை பார்க்கும் மதினியோ, இரண்டு காதையும் பொத்திக்கொண்டே குனிந்தார். ஒவ்வொரு முறையும் முழங்கை இடித்து நட்சத்திரம் நழுவியது. மறுபடி மறுபடி தேடி எனக்குப் பொறுமை போய்விட்டது.

"கண்ணால பாக்குறதுக்குக் காதை எதுக்கு மதினி பொத்துறீக?"

"வெளிச்சம் வந்தா பின்னாலயே சத்தம் வரும்ல தம்பி."

"இது வெடிக்காது."

"நிசமாவா?"

"வெடிக்கவே வெடிக்காது."

மெல்லக் கைகளை இறக்கிப் பார்த்தார். "ரெண்டும் இம்புட்டுப் பக்கத்துல எரியுது. ஒண்ணும் ஆகலையே" என்றார்.

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகியும் அவரைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.

இன்றும் வானத்தில் ஏதாவது பளிச்சிட்டால், நான் முதலில் பார்ப்பது மதினியின் கைகளைத்தான்.