கால்வாய்ப் பற்றையில் கதிர்க்குருவி

வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்தடியில் அடர்ந்த புதர்ப் பற்றை ஒன்று இருந்தது. ஒவ்வோர் ஐப்பசியிலும் வடக்கே வெகுதூரத்திலிருந்து வரும் நாணல் கதிர்க்குருவி அதற்குள்தான் இறங்கும். மங்கிய பழுப்பு நிறம், கண்ணுக்கு மேலே வெளிறிய ஒரு கோடு, அவ்வளவுதான். நூலகப் புத்தகமொன்றில் அதன் பெயரைக் கண்டுபிடித்ததிலிருந்து, அது வரும் நாளைக் கொப்பியில் குறித்துவந்தேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து முதல் பஸ்சில் வந்தால், நான் படிப்பிக்கும் டியூஷன் வகுப்புக்கு முன் அரைமணி கிடைக்கும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் அப்பாவுக்கு நான் குருவி பார்ப்பது பிடிக்கவில்லை.

"குருவி பாக்கவா ஒன்னப் படிக்க வச்சேன்?"

"கிளாசுக்குப் போற வழியிலதான்பா."

"வழியில நிக்காத. இந்தக் காலத்துல நம்ம ஆளுங்க யாரு ரோட்டுல சும்மா நிக்கிறாங்க?"

அவர் சொன்னது சரி. யுத்த நாட்களில் தொலைநோக்கியை நான் நினைத்தும் பார்க்கவில்லை. ஆனால் வெறுங்கண்ணோடு அசையாமல் நிற்பதும் அதே அளவு ஆபத்து என்று யோசிக்காமல் விட்டேன். ஒரு வருடம், குருவி வராத நாலாம் நாள் காலை, பாலத்துக் காவலரணிலிருந்து ஓர் ஆமிக்காரர் இறங்கி வந்தார். என் அடையாள அட்டையைப் பார்த்தார். கொப்பியைப் புரட்டினார்.

"மல்லி, மூணு நாளாப் பாக்குறேன். பாலத்தையே பாத்துக்கிட்டு நிக்கிற. என்ன சங்கதி?" என்றார் சிங்களத்தில், தம்பி என்று அழைத்து.

"பாலத்தை இல்ல அய்யே, குருவியை." நானும் அண்ணா என்றே அழைத்தேன்.

"கோ குருல்லா?" எங்கே குருவி என்று பற்றைக்குள் எட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை. "சரி, வரட்டும். வராட்டி பொலிசுல போய்ச் சொல்லு."

இருவரும் நின்றோம். பொலிசுக்குப் போனால் அப்பாதான் வந்து என்னை மீட்க வேண்டும். எழுதத் தெரியாத அவர் அங்கே எதில் எப்படிக் கையெழுத்து வைப்பார் என்று யோசித்தபடி பற்றையையே பார்த்தேன்.

பற்றைக்குள் 'டக், டக்' என்று நாக்கைத் தட்டியதுபோல ஒரு சத்தம்.

"தவளை," என்றார்.

"இல்ல அய்யே."

ஒரு கொப்பு அசைந்தது. பழுப்பாய் அது வெளியே வந்து, பூச்சியொன்றைக் கொத்திக்கொண்டு மறுபடி உள்ளே போயிற்று.

"இத்தினியூண்டுக்கா இவ்வளவு பாடு?"

"கடல் தாண்டி வந்திருக்கு."

"எங்க ஊர் வயல் பக்கமும் இந்தச் சத்தம் கேக்கும். இவ்வளவு நாளும் தவளைன்னே நெனச்சேன்." கொப்பியைத் திருப்பித் தந்தார். "நாளைக்கு அங்க நிக்காத. என் மண்மூட்டைக்குப் பக்கத்துல வந்து நில்லு. ஒருத்தரும் கேக்கமாட்டாங்க."

அங்கிருந்து பற்றை இன்னும் நன்றாகத் தெரிந்தது. மறுநாள் என்னைக் கண்டதும் அவர் பற்றையைச் சுட்டி, இரண்டு குருவி என்று இரண்டு விரல்களைக் காட்டினார். அடையாள அட்டையை அதன் பிறகுதான் கேட்டார்.