சத்தம் போடாத பவர் சப்ளை

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு இரவுப் பணி. ஈரப் படுக்கை விரிப்புகளை வாரி உலர்த்தியில் போடுவதும், சூடு ஆறுமுன் எடுத்து மடிப்பதுமாகவே பொழுது கழியும். வீடு திரும்பும்போது தோள்பட்டை தன்னுடையதுதானா என்றே சந்தேகம் வரும். ஊர் விழிக்கும் நேரத்தில் ஜன்னலில் கறுப்புத் துணியைக் கட்டிவிட்டுப் படுப்பாள்.

வீடு ஒரே அறைதான். நடுவில் ஒரு திரை. அந்தப் பக்கம் தம்பி.

அவன் கட்டடங்களுக்கு மேலே நிற்கும் பெரிய கிரேன்களை ஓட்டியவன். காதுக்குள் ஏதோ கோளாறாகித் தலை சுற்ற ஆரம்பித்ததும், இனி உயரம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கீழே வேறு வேலை தருவதாகச் சொன்ன மேற்பார்வையாளர் பிறகு போனையே எடுக்கவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் முதலில் நேரில் வந்தார்கள், அப்புறம் போன் செய்தார்கள், அப்புறம் அதுவும் நின்றது. தம்பி சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கும் தெம்பு வேண்டுமே.

ஒருநாள் எங்கிருந்தோ ஒரு காலி கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். கேம் விளையாட கம்ப்யூட்டர் செய்யப் போகிறானாம். பழைய கூட்டாளிகள் சிலர் இரவு ஷிப்ட் முடிந்த பகல்களில் ஆன்லைனில் சேர்ந்து விளையாடுகிறார்களாம். அவர்களில் ஒருவன் தன்னுடைய பழைய கிராபிக்ஸ் கார்டைக் கொடுத்தனுப்பியிருந்தான். எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை மட்டும், ஏதோ ஆபீஸில் கழித்துப்போட்ட மெஷினிலிருந்து கழற்றியது.

அதுதான் அவள் தூக்கத்துக்கு எமனாக வந்து சேர்ந்தது. விளையாட்டு சூடு பிடிக்கப் பிடிக்க அதன் விசிறி இரையும். இன்னும் கொஞ்சம் போனால் எல்லாம் பொட்டென்று அணைந்துவிடும். தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி போடுவான். மறுபடி இரைச்சல்.

ஒரு மத்தியானம் கருகல் வாசம் வந்தது. துணி கருகினால் ஓடிப் பழகிய கால்கள், கண் திறக்கும் முன்பே அவளை எழுப்பி நிறுத்திவிட்டன. பாய்ந்து போய் ஒயரைப் பிடுங்கினாள்.

“வீட்டைக் கொளுத்தப் போறியாடா?”

“பவர் சப்ளைதான்க்கா. அதால இந்தக் கார்டைத் தாங்க முடியல.”

“அப்ப எல்லாத்தையும் தூக்கி வெளியே போடு.”

அவன் கழற்றிய திருகுகளை ஒரு டப்பாவில் போட்டு மூடினான். சாப்பிடவில்லை. மறுநாள் பழையபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். இரைச்சலே இல்லாத அந்தப் பகலில்தான் அவளுக்குப் பொட்டுத் தூக்கம் வரவில்லை.

விடுமுறை நாளன்று, “எழுந்திரு, கடைக்குப் போவோம்” என்றாள். கூட்டத்தில் தலை சுற்றும் என்பதால், அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டே நடந்தான்.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று எழுநூற்றைம்பது வாட்ஸ், வண்ண விளக்குகள் உள்ளது. மற்றது ஐந்நூற்றைம்பது, வெறும் கறுப்புப் பெட்டி. விலையில் பெரிய வித்தியாசமில்லை.

“பெருசா எடுத்துக்கோங்க தம்பி. நாளைக்கே பெரிய கார்டு போட்டாலும் தாங்கும்.”

தம்பி பெரியதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகத்தில் ஆசை தெரிந்தது.

அவள் மேசையில் சாய்ந்தபடி கேட்டாள்: “இதுல எது சத்தம் போடாது?”

கடைக்காரர் சிரித்துவிட்டார். “கேம் ஆடுறவங்க அதையெல்லாம் கேக்க மாட்டாங்கக்கா. ஹெட்போன் மாட்டிப்பாங்க.”

“ஆடுறது அவன். தூங்குறது நான்.”

பெரியதில் விசிறி எப்போதும் சுற்றுவதால் இரையும் என்று அவர் ஒப்புக்கொண்டார். சின்னதில், சுமை குறைவாக இருந்தால் விசிறி சுற்றவே சுற்றாதாம்.

தம்பி பெரியதைக் கீழே வைத்தான். “கார்டு, பிராசஸர், மத்ததெல்லாம் சேத்தாலும் முந்நூத்தம்பது வாட்ஸைத் தாண்டாது. கிரேன்லயும் எப்பவும் கொஞ்சம் மிச்சம் வச்சுத்தான் தூக்குவோம். இதுல தாராளமா மிச்சம் இருக்கு.”

“எனக்காகப் பாக்காத. உனக்குப் புடிச்சதை எடு.”

“நீ தூங்கணும்லக்கா.”

அவள் சட்டென்று திரும்பி, தனக்குத் தேவையே இல்லாத கீபோர்டுகளைப் பார்க்க ஆரம்பித்தாள்.

வீட்டில் மாட்டும்போது பிராசஸருக்குப் போகும் ஒயர் பின்பக்கமாக எட்டவில்லை. முன்னால் குறுக்கே இழுக்க வேண்டியதாயிற்று.

“அசிங்கமா இருக்குக்கா.”

“இதை என்ன அழகுப் போட்டிக்கா அனுப்பப் போற?”

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலம் ஆகியிருந்தது! சுவிட்சைப் போட்டான். ஒரு சத்தமும் இல்லை. இதுவும் போச்சு என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்புறம் மானிட்டரில் வெளிச்சம் வந்தது.

சில நாள் நிம்மதியாகத் தூங்கினாள். பிறகு ஒரு பகலில், “இடப்பக்கம் போடா! டேய், அதுக்குள்ள செத்துட்டியா?” என்ற கத்தல் அவளை எழுப்பியது. திட்டுவதற்காகத் திரையை விலக்கினாள். அவன் ஹெட்போனோடு நிமிர்ந்து உட்கார்ந்து, கையை ஆட்டி ஆட்டி யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தான். “மெதுவாடா” என்றாள். அவன் காதில் விழவில்லை. திரையை விட்டுவிட்டு, தலையணையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு படுத்தாள்.

அடுத்த வாரம் அந்தக் கூட்டாளிகளில் இருவர் வந்து அவனை வெளியே அழைத்துப் போனார்கள். அவள் கண் விழித்தபோது அறையில் யாருமில்லை. விடியலா அந்தியா என்று சற்று நேரம் பிடிபடவில்லை. ஜன்னல் துணியை விலக்கிப் பார்த்தாள். தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.