பொட்டு வைத்த பெட்டி

எங்கள் தொழிலில் 'பேக்கப் முடிந்தது' என்று திரை சொன்னால், அது பொய் சொல்கிறது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். பெரம்பலூரிலிருந்து பஸ் பிடித்துப் போய், கடை கடையாக ஸ்டோரேஜ் பெட்டி மாட்டிக் கொடுப்பது என் வேலை. கடையிலுள்ள எல்லாக் கம்ப்யூட்டரும் தங்கள் ஃபைல்களை அந்த ஒரே பெட்டியில்தான் கொண்டுபோய்ப் போடும். உள்ளே இரண்டு டிஸ்க். ஒன்று செத்தால் மற்றது தாங்கும். இரண்டும் செத்தால்? அதற்குத்தான் எல்லாவற்றையும் நகலெடுத்து வைக்கத் தனியாக ஒரு பேக்கப் டிஸ்க். இதே பெட்டியைக் கட்டிக்கொண்டு மாரடிக்கும் சக ஜீவன்களே, நான் எந்தக் கஸ்டமரையும் நம்புவதில்லை. அவர்களும் என்னை நம்புவதில்லை. கணக்கு சரியாகிவிடுகிறது.

எல்லாம் பக்கா

அரியலூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸ். "பேக்கப்பெல்லாம் பக்காவா இருக்கு மேடம்" என்றார் கிளார்க். பக்கா என்று யார் சொன்னாலும் நான் திறந்து பார்க்காமல் விடமாட்டேன். காட்டச் சொன்னேன். பெட்டிக்குள் 'பேக்கப்' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் 'பேக்கப் புதுசு'. அதற்குள் 'பேக்கப் புதுசு ஒரிஜினல்'. மூன்றும் அதே பெட்டிக்குள். "இந்தப் பெட்டியே ஒருநாள் எரிஞ்சு போச்சுன்னா என்ன சார் பண்ணுவீங்க?" என்று கேட்டேன். மனிதர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. என்னையும் என் பையையும் மேலும் கீழும் பார்த்தார். "நல்ல வார்த்தையா பேசுங்க மேடம், பப்ளிக் எக்ஸாம் வர்ற நேரம்!"

ஆளுயரக் கண்ணாடி

ஜெயங்கொண்டத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு ஸ்டூடியோ. ஓனர் குணசேகரன், எடிட்டிங் அவர் மனைவி செல்வி. பேக்கப் டிஸ்க்குக்குப் பாஸ்வேர்ட் போட வேண்டும். அது மறந்துபோனால் ஒரு ஃபைலையும் திரும்ப எடுக்க முடியாது, என்னாலும் முடியாது என்று மூன்று தரம் சொன்னேன். "நீங்களே அடிங்க, நான் பாக்கல" என்று திரும்பியும் நின்றேன். திரும்பிய பக்கம் மணப்பெண்கள் பவுடர் பூசிக்கொள்ளும் ஆளுயரக் கண்ணாடி. அதில் அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். சத்தியமாகக் கீபோர்டைப் பார்க்கவில்லை.

ஒரு ஃபைலை அழித்து, பேக்கப்பிலிருந்து அதைத் திரும்ப எடுத்துக் காட்டிவிட்டுத்தான் கிளம்பினேன். இதைச் செய்யாமல் நான் எந்தக் கடைப் படியும் இறங்கியதில்லை. வாசல் வரை வந்த குணசேகரன் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தப்பா நினைச்சுக்காதீங்க மேடம், கண்ணாடில எழுத்தெல்லாம் திரும்பித்தான தெரியும்?"

குங்குமம்

பல மாதம் கழித்து அதே குணசேகரனிடமிருந்து போன். பெட்டி திறக்கவில்லையாம். நான் போனபோது கடையில் ஒரு பெண் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். வரதராஜன்பேட்டை ஸ்டெல்லா, புதுக் கல்யாணப்பெண். அவளுடைய ரிசப்ஷனில், மேடை ஏறியே பழக்கமில்லாத அவள் அம்மா மைக்கை வாங்கி மருமகனிடம் பேசியிருக்கிறார். வீடியோக்காரர்தான் எடுக்கிறாரே என்று சொந்தக்காரர்கள் ஒருவரும் போனில் எடுக்கவில்லை. போன மாதம் அம்மா மாரடைப்பில் போய்விட்டார். சனிக்கிழமை சர்ச்சில் முப்பதாம் நாள் பூசை. அன்றைக்கு அப்பாவுக்கு அந்தப் பேச்சைப் போட்டுக் காட்ட வேண்டும் என்று வாங்க வந்திருக்கிறாள். காமிரா கார்டை எப்போதோ அழித்து வேறு கல்யாணம் எடுத்தாயிற்று. அம்மாவின் குரல் இருந்தால் பெட்டியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பேக்கப்பில்.

பெட்டியைப் பார்த்தேன். ஆயுத பூஜைக்குச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். வைத்த இடம் சரியாக எச்சரிக்கை விளக்கின் மேல். முதல் டிஸ்க் செத்து, சிவப்பு விளக்கு பொட்டுக்கு அடியில் வாரக்கணக்காக எரிந்திருக்கிறது. இப்போது இரண்டாவதும் போய்விட்டது. பீப் பீப் என்று சத்தம் வந்திருக்குமே என்று கேட்டேன். "வந்துச்சு மேடம், யுபிஎஸ் கத்துதுன்னு அதத் தூக்கிட்டுப் புதுசு வாங்கி மாட்டிட்டேன்."

வெளியில் இரண்டு பேர்

வீட்டு பீரோவிலிருந்து செல்வி பேக்கப் டிஸ்க்கை எடுத்து வந்தார். கடைசியாக எப்போது செருகினீர்கள் என்று கேட்டேன். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை என்றார். எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை என்றுதான் சொல்வார்கள். திரை பாஸ்வேர்ட் கேட்டது. குணசேகரன் என்னை வெளியே நிற்கச் சொன்னார், நின்றேன். தவறு என்றது. மறுபடி அடித்தார், மறுபடி தவறு. மூன்றாவது தரம் அடித்துவிட்டு, "நீங்க எதயாச்சும் மாத்தினீங்களா மேடம்?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கிளறிக் கேட்டதில் சமாசாரம் வெளியே வந்தது. அன்றைக்கு நான் பஸ் ஏறியதுமே, கண்ணாடியில் பார்த்திருப்பேன் என்ற சந்தேகத்தில், நான் போட்ட பேக்கப்பையே அழித்துவிட்டு, தான் சொல்லும் வேறு பாஸ்வேர்டில் புதிதாகப் போடும்படி செல்வியிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் மூச்சு விடவில்லை. அப்படியென்றால் இந்த டிஸ்க்கை இதுவரை யாருமே சோதித்துப் பார்க்கவில்லை. ஸ்டெல்லா எங்களை மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அதுவரை ஆல்பம் அட்டைகளையே அடுக்கிக்கொண்டிருந்த செல்வி எழுந்தார். "கொஞ்சம் ரெண்டு பேரும் வெளியில நில்லுங்க." நானும் குணசேகரனும் தெருவில் நின்றோம். அரை நிமிஷத்தில் டிஸ்க் திறந்துவிட்டது. கணவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "இவரு சொன்னத நான் போடலக்கா, இவருக்கு ஒண்ணு தெரிஞ்சா டீக்கடைக்கே தெரிஞ்சுரும்."

நாலு வார்த்தை

ஃபைல்கள் வரத் தொடங்கின. பெயர் வந்தால் போதுமா, உள்ளே படம் இருக்க வேண்டாமா? ரிசப்ஷன் ஃபைலைத் திறந்தேன். அந்த அம்மா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். "தம்பி, காலைல டீ இல்லன்னா இவளுக்குக் கோவம் வரும். நீங்கதான் போட்டுக் குடுக்கணும்." கூட்டம் சிரித்தது. ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், அதை மறைப்பானேன். அழுதுகொண்டேதான் கடைசி நொடி வரை ஓடவிட்டுப் பார்த்தேன். பாதியில் நின்றுபோகும் ஃபைல்களை நிறையப் பார்த்தவள் நான்.

"இனிமே கவலையில்ல தங்கச்சி, எல்லாம் பத்திரமா இருக்கும்" என்றார் குணசேகரன். ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பையிலிருந்து இரண்டு பென் டிரைவை எடுத்து நீட்டினாள். "ஒண்ணு எங்க வூட்டுல இருக்கும், ஒண்ணு அப்பாகிட்ட இருக்கும். கோவிச்சுக்காதீங்க, உங்க மூணு பேரயும் நான் நம்பல."

இத்தனை வருஷத்தில் நான் சொல்லிக்கொடுக்காமலே பேக்கப் என்றால் என்னவென்று புரிந்துகொண்ட ஒரே ஆள் அவள்தான் என்றாலும், அந்த இரண்டு பென் டிரைவையும் தனித்தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவள் கையில் கொடுத்தேன்.