சித்தி கொடுத்த அவுட்

வெட்டிய புல் ஈரத்தோடு காலுறையில் ஒட்டிக்கொண்டு பள்ளியிலிருந்து டிராம் ஏறி, எங்கள் வீட்டுக் கதவு வரைக்கும் கூடவே வந்துவிடும். "உதைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வா" என்று அம்மா கதவடியிலேயே மறிப்பார். அந்தப் புல் வாசனையோடு, ஒரு முழ நீளமுள்ள மரமட்டையில் தோல்பந்து படும்போது எழும் "டொக்" என்ற சத்தமும் சேர்ந்ததுதான் எனக்குப் பதினாலு வயதுக் கோடை.

அந்த நாட்களில் எங்கள் பள்ளிப் பெண்பிள்ளைகளுக்குக் கோடை விளையாட்டு என்றால் அது ரவுண்டர்ஸ்தான். அமெரிக்காவின் பேஸ்பாலுக்கு ஒன்றுவிட்ட அக்கா என்று அதைச் சொல்லலாம். பந்தை அடித்துவிட்டு மட்டையும் கையுமாக நான்கு கம்பங்களைச் சுற்றி ஓடி, நாலாவதைத் தொட்டால் ஒரு புள்ளி. அதற்குள் எதிரணிப் பிள்ளை பந்தால் அந்தக் கம்பத்தைத் தொட்டுவிட்டால் அவுட். யார் முதலில் தொட்டது என்பது கண்ணிமைக்கும் நேரக் கணக்கு என்பதால், ஓடியதைவிட நாங்கள் வாதாடியதுதான் அதிகம். எங்கள் கேப்டன் டோலா, ஒரு புள்ளிக்காக விளையாட்டு ஆசிரியை மிஸ் பார்னெட்டைக் கார் நிறுத்துமிடம் வரை துரத்திக்கொண்டு போய்ப் பேசக்கூடியவள்.

அந்த வருடம்தான் அம்மாவின் தங்கை சுகந்திச் சித்தி ஊரிலிருந்து வந்து எங்களோடு இருந்தார். அவருக்கு இருபத்துநாலு வயது. விசாக் கேஸ் முடியவில்லை. முடியும்வரை வேலைக்குப் போகக்கூடாது என்று அரசாங்கம் அனுப்பிய கடிதத்தில் இருந்தது. அப்பா பெட்ரோல் நிலையத்துக்கும் அம்மா முதியோர் இல்லத்து ஷிப்டுக்கும் போய்விட, பகல் முழுவதும் தனியே இருந்து அலுத்துப்போன சித்தியை, என் மேட்ச்களுக்குத் துணையாகப் போகும்படி அம்மா அனுப்பிவைத்தார். முதல் நாள் மைதானத்தின் ஓரத்தில் நின்று ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "இது எங்கட எல்லே தானே" என்றார் சித்தி. பருத்தித்துறையில் அவர் படித்த பள்ளிக்கூடத்தின் எல்லே அணியில் மூன்று வருடம் ஆடியவராம். எல்லேயும் கம்பால் பந்தை அடித்துவிட்டு வட்டமாக ஓடுகிற விளையாட்டுத்தான்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. குளிருக்கு அப்பாவின் பழைய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கோட்டுக்கு வெளியே அங்குமிங்கும் நடப்பார். எதிரணி வீசும் பந்து கொஞ்சம் உயர்ந்தாலும் "மிஸ், நோ போல், மிஸ்" என்று குரல் கொடுப்பார். நான் அவுட்டான ஒவ்வொரு முறையும் அது அநியாயம் என்று தமிழிலேயே விளக்குவார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். ஆனால் ஓடி முடித்து மூச்சு வாங்கும்போது, என் பக்கம் பேச ஒருவர் அங்கே நிற்கிறார் என்பதில் ஒரு சந்தோஷமும் இருந்தது.

அரையிறுதி மேட்ச் எங்கள் மைதானத்தில் நடந்தது. பாதியில் எங்கள் பிள்ளை ஒருத்திக்குக் கணுக்கால் பிசகி, அம்பயராக நின்ற எங்கள் பள்ளியின் இன்னொரு ஆசிரியை அவளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கடைசி இரண்டு கம்பங்களைப் பார்க்க ஆளில்லை. மிஸ் பார்னெட் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு நேராகச் சித்தியிடம் போய்க் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிக் கொடுத்தார். உங்களுக்குத்தான் எல்லாம் எங்களைவிட நன்றாகத் தெரிகிறதே, வந்து நில்லுங்கள் என்று சொன்னதில் கிண்டலும் இருந்தது, களைப்பும் இருந்தது. எதிரணி ஆசிரியைக்கு ஆட்டம் சீக்கிரம் முடிந்தால் போதும், அவரும் தலையாட்டினார். டோலா என் காதுக்குள், இனி நாம் தோற்கவே மாட்டோம் என்றாள். சித்தி விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஜாக்கெட்டின் சிப்பை மேலே இழுத்துவிட்டார். அதன் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

புள்ளிகள் சமமாக இருக்க, கடைசிப் பந்து எனக்கு வந்தது. அடித்த அடியில் பந்து வேலியோரம் வரை போனது. முதல் மூன்று கம்பங்களையும் எப்படிக் கடந்தேன் என்று தெரியாது. நாலாவதை நெருங்கும்போது பந்து என் தலைக்கு மேலால் பறந்து, அங்கே நின்ற செம்பட்டைத் தலைமயிர்ப் பிள்ளையின் கைக்குப் போனது. நான் மட்டையை நீட்டினேன். மட்டையின் நுனிக்கும் கம்பத்துக்கும் இடையில் ஒரு விரலளவு வெறும் காற்று இருந்ததை என் கை உணர்ந்தது. அடுத்த கணம் அவள் பந்தால் கம்பத்தைத் தொட்டாள்.

சித்தி விசிலை ஊதி, கிரிக்கெட் அம்பயர் மாதிரி ஒரு விரலை உயர்த்தினார். "அவுட்."

எங்கள் அணி முழுவதும் அவரைச் சூழ்ந்துகொண்டது. மட்டை பட்ட சத்தம் தனக்குக் கேட்டதாக டோலா சத்தியம் செய்தாள். எதிரணி ஆசிரியை முதலிரண்டு கம்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்ததால் எதையும் காணவில்லை என்றார். சித்தி அத்தனை ஆங்கிலத்துக்கும் நடுவில் நின்று, "நோ டச், அவுட்" என்பதை மட்டும் மூன்று தரம் சொன்னார். கடைசியில் மிஸ் பார்னெட் என்னிடம் வந்து, நீ பொய் சொல்ல மாட்டாய், தொட்டாயா இல்லையா என்று கேட்டார். சித்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அணியிலிருந்த எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யெஸ் மிஸ்" என்றேன்.

புள்ளி எங்களுக்கு வந்தது. டோலா என்னைத் தூக்கிச் சுற்றினாள். அந்தச் சுற்றலுக்கிடையில், சித்தி விசிலைக் கழற்றி ஜாக்கெட்டின் ஓரத்தில் துடைத்து மிஸ் பார்னெட்டிடம் நீட்டுவது தெரிந்தது. செம்பட்டைத் தலைப் பிள்ளை பந்தைக் கீழே வைத்துவிட்டுப் போனாள்.

டிராமில் சித்தி யன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். வீட்டில் எல்லாவற்றையும் சொல்லப்போகிறார் என்று பயந்தேன். அவரோ, "அக்கா, இவையள் வெண்டிட்டினம்" என்று மட்டும் சொன்னார். அம்மா சந்தோஷத்தில் அப்பாவைக் கடைக்கு அனுப்பி மட்டன் ரோல்ஸ் எடுப்பித்தார். ஒன்றைக் கடித்துவிட்டு மிச்சத்தைத் தட்டிலேயே வைத்தேன். இறுதி மேட்ச் பற்றிப் பேச்சு வந்தபோது, "எனக்கு அண்டைக்கு வேற அலுவல் கிடக்கு, வர ஏலாது" என்றார் சித்தி. அவருக்கு எந்த நாளும் ஒரு அலுவலும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

சனியும் ஞாயிறும் போயின. திங்கட்கிழமை காலை மணியடிக்கும் முன் மிஸ் பார்னெட்டின் அறைக்குப் போய், நான் தொடவில்லை என்று சொன்னேன். அவர் தொலைபேசியை எடுத்து மற்றப் பள்ளிக்கூடத்துக்கு அடித்தார். இறுதி மேட்ச் அவர்களுக்குப் போனது. அணியிடம் நானேதான் சொல்ல வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். டோலா கத்தவில்லை. நீ அன்றைக்கே சொல்லியிருந்தால் தோற்றுவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம், இப்போது வென்றுவிட்டுத் தோற்கிறோம் என்றாள். இரண்டு வாரம் என் பக்கத்தில் உட்காரவுமில்லை.

அன்று மாலை சித்தி அப்பாவின் வேலைச் சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். சட்டைக் கையை மற்றப் பக்கம் திருப்பிப் போட்டபடி, "மிஸ் ஏசினவவோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"டோலா?"

"ஓம்."

"அவள் ஏசத்தானே வேணும்" என்று சொல்லிச் சிரித்தார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் என்னோடு சிரித்தது அப்போதுதான். எனக்குத் திடீரென்று பசித்தது.

அடுத்த கிழமை மிஸ் பார்னெட், வியாழக்கிழமைப் பயிற்சிகளுக்கு அம்பயராக வர முடியுமா என்று கேட்டுச் சித்திக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதி அனுப்பினார். சித்தி பயந்துபோனார். "வேலை செய்யக்கூடாதெண்டு கடிதத்தில கிடக்கு. உவையள் விசில் தந்து என்னைத் திருப்பி அனுப்பப் போகினம்" என்றார். சம்பளம் இல்லாத உதவிக்குத் தடையில்லை என்பதை அப்பா வக்கீலிடம் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திய பிறகுதான் ஒப்புக்கொண்டார். அந்தக் கோடையின் மிச்ச நாட்களும் அடுத்த கோடை முழுவதும், வியாழன்தோறும் அவர் நாலாவது கம்பத்தடியில் நின்றார். எல்லாப் பிள்ளைகளும் அவரைச் "சித்தி" என்றே கூப்பிட்டார்கள். அது அவருடைய பெயர் என்றுதான் டோலா நெடுநாள் நினைத்திருந்தாள். அவர் பிழையான தீர்ப்புகளும் நிறையக் கொடுத்தார். டோலா விடாமல் வாதாடுவாள். சித்தி தமிழில் பதில் சொல்லுவார். இருவருக்கும் மற்றவர் சொல்வது ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் பயிற்சி முடிந்து ஒரே பையிலிருந்து கிரிஸ்ப்ஸ் தின்றபடி டிராம் தரிப்பிடத்துக்கு நடப்பார்கள்.

பிறகு சித்திக்கு விசா கிடைத்தது, வேலையும் கிடைத்தது. கல்யாணம் முடித்து நகரின் மறுகோடியிலுள்ள கிங்ஸ்பரிக்குப் போய்விட்டார். இப்போது ஒரு தபாலகக் கவுண்டரில் இருக்கிறார், இரண்டு பிள்ளைகள். நான் படித்த பள்ளியில் ரவுண்டர்ஸ் இப்போது இல்லை. பெண்பிள்ளைகளுக்கும் கிரிக்கெட் வந்துவிட்டது. வரட்டும், நல்லதுதான். புல் இருந்த இடத்தில் பச்சைப் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தபோது அந்த நாலு கம்பங்களும் எங்கே நின்றன என்று என்னால் கணிக்க முடியவில்லை.

போன மாதம் கிங்ஸ்பரிக்குப் போயிருந்தபோது, இத்தனை வருடமாகக் கேட்காததைச் சித்தியிடம் கேட்டேன். அந்த ஒரு விரல் இடைவெளியை அவ்வளவு தூரத்திலிருந்து எப்படிக் கண்டீர்கள் என்று.

சித்தி தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்: "நான் எங்கையடி கண்டனான்? பந்து பிடிச்ச பிள்ளை முன்னுக்கு நிண்டு மறைச்சுப்போட்டுது. நீ கம்பத்தைத் தாண்டின உடனை திரும்பிப் பார்த்தனி. தொட்டவள் ஏன் திரும்பிப் பார்க்கிறாள்?"